ஊன்றிய திருவடியும் வீழ்ந்த தூதனும்

திருச்சிற்றம்பலம்

திருக்குற்றாலத்திலே குறும்பலாவீசர் திருக்கோயிலுக்கு அணித்தாகச் சித்திரசபை விளங்குகின்றது. கூத்தப்பிரானுக்குரிய சபைகள் ஐந்தனுள் பொன்னும் வெள்ளியும் செம்பும் மணியும் ஏனைத் தலங்கட்கு உரியவாக, ஓவியமே சபையாக அமைந்த பெருமை இத்தலத்திற்கு உரியது. ஒருநாள் அச்சபையில் ஆடும் பெருமானை வணங்கிப் புறம்போந்தவழி, எம்மிடம் சித்தாந்த சாத்திரம் பாடங்கேட்கும் மாணாக்கர் ஒருவர் துண்டுத்தாள் ஒன்றை எம் கையிற் கொடுத்தனர். அருவியாடி வருவோர்க்கு யாரோ வழங்கியதாம். சாத்தான் என்பவன் விண்ணினின்று வீழ்த்தப்பட்ட தூதன் என்றும், கோயில்கள் அவன் அரண்கள் என்றும், அவற்றை எதிர்த்துப் போர்செய்தலே தம்மவர் கடமை என்றும் அதன்கண் எழுதப்பட்டிருந்தது.

மாணாக்கர் முகஞ் சிவந்து, "ஐயா, இதற்கு இதே நடையில் ஒரு மறுப்பு எழுதித் தரல்வேண்டும். அன்றியும், நம் பெருமான் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகன்தானோ இவர் கூறும் சாத்தான்? ஆயின் நாமும் அவரும் ஒன்றையே கூறுகின்றோமா?" என வினாவினர்.

அவர் வேண்டிய மறுப்பை யாம் எழுதிற்றிலேம். அவர் வினாவிய வினாவிற்கு விடையே இக்கட்டுரை.

பிறர் கோள் கூறும் முறை

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்துள், உலோகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பிறர் மதங்களை முதற்கண் அவ்வம் மதத்தார் ஒப்பும் வகையிலே நிறுவி, அதன் பின்னரே மறுக்கின்றனர். எதிரியின் கொள்கையை அவன் தானே கூறுமளவிற்கு நன்கு கூறமாட்டாதான் அதனை மறுத்தற்கும் உரியனல்லன் என்பது அந்நூல் கற்பிக்கும் முதற்பாடம். கிறித்து மதம் அப்பரபக்கத்துள் இடம்பெற்றிலது. அது தமிழ்ச் சைவரோடு எதிர்நின்று வாதிட்டது பிற்காலத்தது. 1854-ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்ட யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அதற்கு முன்னரே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தவர் என்பதை அன்பர்கள் அறிவர். கற்றே மறுத்தார் அவர். யாமும் அந்நெறியே செல்வேம்.

சாத்தான் என்பது எபிரேய மொழிச் சொல். எதிர்நிற்போன், குற்றஞ் சாட்டுவோன் என்பன அதன் பொருள். மணிமேகலை செய்த சீத்தலைச் சாத்தனார் பெயரிலும், பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வப் பெயரிலும் காணப்படும் சாத்தன் என்னும் பழந்தமிழ்ச் சொல் முற்றும் வேறாம். செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவிலும் அச்சன்கோயிலிலும் எழுந்தருளிய சாத்தாவை வழிபடுவோர் ஒலியொப்புமை கண்டு மயங்கற்க.

விவிலியத்தின் பழைய பகுதிகளில் இவன் பெரும்பகைவனாக நின்றிலன். யோபு என்னும் நூலில், இறைவன் திருமுன் கூடிய தேவகணத்தாருள் ஒருவனாக வந்து, யோபுவின் அன்பு ஊதியம் கருதிய அன்பெனக் குற்றஞ்சாட்டி, அவனைச் சோதித்தற்கு இசைவு வேண்டுகின்றனன். முதலிற் பொருளளவிலும், பின்னர் உயிரை நீக்கி உடலளவிலும் இசைவு அளிக்கப்படுகின்றது. அவ்வெல்லை கடந்து அவன் ஒன்றும் செய்யமாட்டான். எசாயா நூலின் 14-ஆம் அதிகாரத்தில் வானினின்று வீழ்ந்த விடிவெள்ளி ஒன்று கூறப்படும். ஆண்டு அது பாபிலோன் அரசன் செருக்கை இகழ்ந்து கூறியதே. எசேக்கியேல் நூலின் 28-ஆம் அதிகாரமும் தீரு நகரத்து அரசனைப் பற்றியதே. ஒரிசன் முதலிய ஆசிரியர் இவ்விடங்களைச் சாத்தானுக்கு ஏற்றிப் பொருளுரைத்தனர். எரோனிமு என்பார் இலத்தீனில் மொழிபெயர்த்தவழி விடிவெள்ளிக்கு இட்ட லூசிபர் என்னும் சொல்லே நாளடைவில் அவனுக்குப் பெயராயிற்று. விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டின் 12-ஆம் அதிகாரத்தில், மிக்கேல் என்னும் தூதர் தம் படையொடு பெரும்பாம்போடு பொருது அதனை மண்ணில் வீழ்த்துகின்றனர். அப்பாம்பே சாத்தான் என்று அந்நூல் வெளிப்படக் கூறும்.

இவற்றைத் தொகுத்து அம்மதத்தார் கொண்ட முடிபு இது: இறைவன் படைத்த தூதருள் ஒருவன், இயல்பால் நல்லன், தன் விருப்பினாலே செருக்குற்று வீழ்ந்தனன். அவனோடு பலரும் வீழ்ந்தனர். 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கம், அலகைகள் இயல்பில் நல்லனவாகவே படைக்கப்பட்டுத் தம்மாலேயே தீயன ஆயின என வரையறுத்தது. மணிமதத்தார் போலத் தீமையையும் ஒரு முதலாகக் கொண்டாரை விலக்குதற்கே இவ்வரையறை வேண்டப்பட்டது. வீழ்ந்தவனுக்கு மீட்சி இல்லை என்பது அவருட் பெரும்பாலார் துணிபு. இறுதியில் எல்லாம் மீளும் என்னும் கருத்தினராகிய ஒரிசன் வழியினர் 6-ஆம் நூற்றாண்டில் விலக்கப்பட்டனர்.

இனி, அவர் கூறும் ஆன்மப் போரின் இயல்பு. எபேசியர்க்கு எழுதிய திருமுகத்தின் 6-ஆம் அதிகாரம், வாய்மையை அரைக்கச்சாகவும், அறத்தை மார்புக் கவசமாகவும், விசுவாசத்தைக் கேடயமாகவும், மீட்பைத் தலைச்சீராவாகவும், இறைமொழியை வாளாகவும் புனையக் கூறுகின்றது. அப்போர் ஊனும் குருதியும் உடைய மாந்தரோடு நிகழ்வதன்று என்று அவ்விடத்தே தெளிவாகக் கூறப்பட்டிருத்தலை அன்பர்கள் உளங்கொள்க. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலையில் தவமிருந்த எவாகிரியு என்னும் துறவி, பெருந்தீனி, காமம், பொருளாசை, துயர், சினம், மடி, வீண்புகழ், செருக்கு என எட்டு எண்ணங்களை வகுத்து, அலகை பொரும் களம் நெஞ்சமே என்று காட்டினர். காமம் குரோதம் முதலாக உட்பகை ஆறு கூறும் நமக்கு இஃது அயலான செய்தியன்று.

நம் திருநெல்வேலிச் சீமையிலே கரையிருப்பிற் பிறந்து, வைணவராய் இருந்து, 1858-இற் கிறித்தவராகிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியம் இப்போரையே தமிழிற் பாடியது. அதற்கு மூலமாகிய பனியன் என்பாரின் ஆங்கில நூல் 1678-இல் வெளிவந்தது. அதனுள், பணிவுப் பள்ளத்தாக்கில் அலகையை எதிர்ப்பட்ட பயணி புறங்கொடுக்க நினைந்து, தன் முதுகிற்குக் கவசம் இல்லாமை கண்டு எதிர்நின்று பொருதனன் என வருகின்றது. பின்னிடுவானுக்குப் பாதுகாப்பில்லை என்னும் அக்கருத்து எம் உள்ளத்திற்கு இனியதே.

தடையும் விடையும்

பூர்வபக்கம் இவ்வளவில் நிற்க. இனி ஆராய்வாம்.

இறைவன் நல்லன். படைக்கப்பட்ட தூதனும் நல்லன். அவன் நின்ற இடம் இறைவன் திருமுன். அவனுக்கு உடற்பசி இல்லை, மயக்குவார் பிறரும் இல்லை. அற்றேல், முதற் செருக்கு எங்ஙனம் தோன்றிற்று? இயல்பால் தோன்றிற்று எனின், அவ்வியல்பைத் தந்தவன்பாற் குற்றம் சாரும். புறத்திருந்து வந்தது எனின், இறைவனும் படைப்பும் அல்லாத மூன்றாவதொன்று வேண்டப்படும். தன்விருப்பால் தோன்றிற்று எனின், நன்மையே கண்ட விருப்பு நன்மையினின்று திரிந்தது எதனால் என்னும் கடா மீளவும் எழும்.

இக்கடாவை அவர் அறியாதாரல்லர். அவர்தம் பேராசிரியராகிய அகுத்தீன் (354–430) இதனை எழுப்பி, தீய விருப்பிற்கு ஆக்கும் காரணம் இல்லை, குறைபாடே காரணம் என்றும், அதனை அறிய முயறல் இருளைக் கண்ணாற் காணவும் அமைதியைச் செவியாற் கேட்கவும் முயறலோடு ஒக்கும் என்றும் விடுத்தனர். தீமை ஒரு பொருளன்று, நன்மையின் இன்மையே என்பது அவர் கொள்கை.

ஈண்டுத்தான் சித்தாந்தம் பிரிகின்றது. இருள் என்பது ஒளியின் இன்மை மாத்திரையன்று, மறைத்தற்றொழில் உடையதோர் பொருள் என்று கொள்வது நம் சாத்திரம். அறிவு இயல்பினதாகிய உயிர் தன்னையும் தலைவனையும் அறியாது கிடத்தற்கு வெறும் இன்மை காரணமாதல் அமையாது. இன்மை ஒன்றனையும் தடுக்கமாட்டாமையின் என்க. தடுப்பதொன்று உண்டு. அதுவே ஆணவம். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருண்மலநிலை என ஓர் அதிகாரம் வகுத்து, புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும், அகவிருளோ தன்னையும் காட்டாது என வேற்றுமை தெரித்தனர். தான் மறைந்து நின்று மறைத்தலின், அதனால் மறைக்கப்பட்டவன் தன்னை மறைப்புண்டவனாக அறியான். செருக்குற்றவன் தன் செருக்கைக் காணாமை இதனாலன்றோ!

அம்மதத்தார் வீழ்ச்சிக்கு முதலாகச் செருக்கினைக் கூறினர். உலகவழக்கிற் செருக்கினை ஆணவம் என்கின்றோம். எல்லாத் தீமைக்கும் வேர் யான் என்னும் முனைப்பே எனக் கண்ட அளவில் இருதிறத்தாரும் ஒருமருங்கு நிற்கின்றனர். மிக்கேல் என்னும் பெயர்க்கே, இறைவனுக்கு ஒப்பாவார் யார் என்பது பொருள். சிவசமவாதத்தைச் சங்கற்ப நிராகரணத்துள் வைத்து மறுத்த நம் மரபிற்கு அப்பெயர் இனிதே ஒலிக்கும். ஆயின், அவர் அச்செருக்கினை ஓர் ஆளின்மேல் வைத்து, ஒரு நிகழ்ச்சியாகக் கூறினர். நம்மவர் அதனை எல்லா உயிரினும் அநாதியே பற்றிய சடப்பொருளின் காரியமாகக் கூறினர். செம்பிற் களிம்பு போலவும் நெல்லின் உமி போலவும் உடன்கிடப்பது அது. யாரோ ஒருவன் வீழ்ந்ததனால் யாம் கெட்டோமல்லேம். யாம் ஒவ்வொருவரும் மறைப்பிற் கிடந்தோம், கிடக்கின்றோம்.

அற்றேல், இறைவனோடு உடனாக அநாதியான தீப்பொருள் ஒன்றைக் கொள்ளுதலின் நீவிரும் மணிமதத்தார் ஆயினீர் அன்றோ எனின், ஆகேம். மணிமதத்தார் கூறும் இருள் அறிவுடைத்து. இறைவனோடு தானே பொருவது. ஆணவமோ அறிவற்றது; இறைவனை அணுகவும் மாட்டாதது. ஞாயிற்றின்முன் இருள் நின்று பொருதது என்பார் யார்? அஃது உயிரையே பற்றும். ஆண்டும் இறைவன் ஆணைவழியே தொழிற்படும்.

ஆணவம் உயிரைப் பற்றியது ஏன் என வினாவின், அநாதி என்பதே நம் விடை. தூதன் வீழ்ந்தது ஏன் என வினாவின், அவன் விருப்பம் என்பதே அவர் விடை. இரண்டும் ஓரெல்லையில் நிற்பனவே என்பதை நடுவுநிலையோடு ஒப்புதல் வேண்டும். அவ்வெல்லையில் நின்று, என்றும் வெறுத்தற்குரிய ஓர் ஆளை அவர் காண்கின்றனர். நீக்கற்குரிய ஒரு நோயை நாம் காண்கின்றோம். நோயை மருத்துவன் வெறுப்பினும் நோயாளனை வெறான்.

முயலகன்

தூதராகிய மிக்கேல் அலகையை மிதித்து, வேலோ வாளோ ஓங்கி நிற்கும் வடிவம் கத்தோலிக்கருட் பெருவழக்கு. தென்காசியிலும் அவர் பெயர் பூண்ட தேவாலயம் உளது. சித்திரசபையிலிருந்து அத்தேவாலயம் நெடுந்தொலைவன்று. இரண்டிடத்தும் ஓர் அடி மேலும் ஓர் உரு கீழுமாக இருத்தலைக் கண்ட மாணாக்கர்க்கு ஐயம் நிகழ்ந்தது இயல்பே. வேற்றுமை மூன்று காட்டுவாம்.

ஒன்று: மிக்கேல் படைக்கப்பட்ட தூதர், கீழ்க்கிடப்பவனும் படைக்கப்பட்ட தூதன். ஒருயிர் ஒருயிரை வென்ற நிலை அது. கூத்தப்பிரான் திருவடிக்கீழ்க் கிடப்பதோ உயிர்க்குரிய மலத்தின் குறி. தாருகாவனத்து முனிவர் வேள்வியினின்று எழுந்து வந்தனன் முயலகன் என்பது புராணம். இறைவனை வேண்டாது தம் வினையே பயன்தரும் எனத் தருக்கிய முனிவரின் செருக்கு அவர்க்குப் புறத்தே உருக்கொண்டது எனின் அமையும்.

இரண்டு: மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தில் ஐந்தொழிலைக் கூத்தின்கண் வைத்துக் காட்டியவழி, துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், தீயில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், எடுத்த திருவடியில் அருளும் ஆக வைத்தனர். ஆகவே முயலகனை மிதிக்கும் திருவடி திரோதானத்தின் திருவடி. மலம் மறைத்தற்றொழில் செய்வதும் அத்திருவடியின் செலுத்துதலாலே. செய்து செய்து அத்தொழில் ஓய்ந்து பரிபாகம் எய்துவதும் அதனாலே. மலத்தைச் செலுத்துதல் பற்றி அவ்வருட்சத்தியையே மலம் என உபசரித்துக் கூறுவதும் உண்டு. அது மறக்கருணை எனப்படும். யோபுவின் நூலில் இசைவு பெற்று வந்து சோதித்தவனை ஈண்டு நினைவுகூர்க. அந்நூலாசிரியர் கண்ட சாத்தான், பிற்காலத்தார் கண்ட போர்ப்பகைவனை நோக்க, நம் திரோதானக் கொள்கைக்கு அணியனாகின்றான்.

மூன்று: முயலகன் கொல்லப்பட்டிலன். திருவடிக்கீழ் அடங்கிக் கிடக்கின்றனன். முத்தியினும் ஆணவமாகிய பொருள் அழிவதின்று, அதன் சத்தியே மடங்கும் என்னும் சித்தாந்த முடிபிற்கு இதனினும் தெளிந்த ஓவியம் வேண்டா. வறுத்த வித்துப்போல இருந்தும் முளையாது நிற்கும் என்க. அவர் நூலிற் சாத்தான் ஆயிரம் ஆண்டு கட்டுண்டு, பின் அவிழ்க்கப்பட்டு, முடிவில் எரிவாயில் என்றும் கிடப்பன். நம் நூல்களிலோ அறிவுடைய பகைவர்க்கு முடிவு வேறு. மலையெடுத்த இராவணன் திருவிரலால் நெரிப்புண்டு, பாடி, வாளும் நாளும் பெற்றனன். திருஞானசம்பந்த சுவாமிகள் தம் பதிகங்களிற் பெரும்பாலும் எட்டாந் திருப்பாட்டை இவ்வரலாற்றிற்கே ஒதுக்கினர். சூரபன்மன் வேலாற் பிளக்கப்பட்டு மயிலும் சேவலும் ஆயினன். பகைவன் ஊர்தியும் கொடியும் ஆயினன். ஒறுத்தலும் அருளே ஆதலின், அருளுக்கு முற்றும் புறம்பான உயிர் ஒன்று சித்தாந்தத்தில் இல்லை.

ஆகவே மாணாக்கர் வினாவிற்கு விடை இது: முயலகன் சாத்தான் அல்லன். சாத்தான் ஓர் உயிர். முயலகன் நம் இருளின் குறி.

போர் யாரோடு?

இனி அத்துண்டுத்தாளுக்கு வருவாம். பிறர் வழிபடும் தெய்வங்களை அலகை எனக் கூறும் வழக்கு அவர்க்குப் பழையது. பவுல் எழுதிய திருமுகங்களிலும் காணப்படுவது. நம் நாட்டில் ஒப்பிலக்கணம் தந்து தமிழின் பெருமையை நிலைநாட்டிய கால்டுவெல் தாமே, அதற்கு முன் 1849-இல், இச்சீமையின் எளிய மக்கள் வழிபாட்டைப் பேய்வழிபாடென விரித்து நூல் எழுதினர். 1990-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கராகிய பீட்டர் வாக்னர் முதலியோர், ஊர்தோறும் நாடுதோறும் ஆளும் அலகைகள் உள எனவும் அவற்றைப் பெயர்கூறி எதிர்த்தல் வேண்டும் எனவும் பரப்பினர். ஆயினும் அவருள்ளேயே மறுப்பும் எழுந்தது. சுவிசேடச் சபையாரின் லோசான் இயக்கம் 1993-இல் வெளியிட்ட அறிக்கை, போர்ச்சொற்கள் மாந்தரையே பகைவராகக் காணச் செய்யும் என எச்சரித்தது. எபேசியர் திருமுகத்தின் உண்மைப் பொருளை உணர்ந்தாரும் அவருட் பலர். துண்டுத்தாள் ஒன்று கொண்டு ஒரு மதம் முழுவதையும் அளத்தல், பேய்க்கதை ஒன்று கொண்டு சைவம் முழுவதையும் அளந்தார் செய்த பிழையையே நாமும் செய்தலாம்.

இதுபற்றியே யாம் மாணாக்கர் வேண்டிய மறுப்பை எழுதிற்றிலேம். அவர் நம்மைச் சாத்தானின் படை என்றனர். நாமும் அவரை அசுரர் என்போமாயின், அவர் கோட்பாட்டையே ஒப்புக்கொண்டோம் ஆவோம். தீமை ஓர் ஆளின்கண் உறைகின்றது, அவ்வாள் நமக்குப் புறத்தான் என்பதன்றோ அது? சித்தாந்தம் கற்றவன் அவ்வாறு கூற வழியில்லை. அத்தாளை அச்சிட்டாரையும், வழங்கினாரையும், வாங்கிச் சினந்தாரையும், இதனை எழுதும் எம்மையும் பற்றிய இருள் ஒன்றே. அளவில் ஏற்றத்தாழ்வு உண்டு, இனத்தில் வேறன்று.

தென்காசியிற் காசிவிசுவநாதர் திருக்கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் இத்திருப்பணிக்குக் குறை நேருமாயின் அதனைத் திருத்துவோர் யாவராயினும் அவர் அடியில் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லிற் பொறித்தனர். இடிந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் மீள எழுந்து 1990-இற் குடமுழுக்குக் கண்டது. முடிசூடிய மன்னன் தான் கட்டிய கோயிலின் வாயிலில், பெயரறியாதார் பலர் அடியில் தன் முடியை முன்னரே வைத்தனன். செருக்கினால் வீழ்தல் ஒன்று. அன்பினால் வீழ்தல் மற்றொன்று. முன்னதைக் குறித்தே அவர் தூதன் கதை கூறுகின்றனர். பின்னதே அதற்கு மருந்து என்பதை அவரும் மறுக்கார்.

மாணாக்கர் இவற்றையெல்லாம் கேட்டபின் அத்துண்டுத்தாளை மடித்துத் தம் சித்தியார் ஏட்டினுள்ளே வைத்தனர். பரபக்கத்திற்கு உரிய இடம் அதுவே எனக் கூறி யாமும் மகிழ்ந்தேம். மீண்டும் இருவேமும் சபையினுட் புக்கு வணங்கியபோது, அவர் பார்வை எடுத்த திருவடியை நோக்கிற்றிலது. ஊன்றிய திருவடியிலே நெடுநேரம் நின்றது. அதன்கீழ்க் கிடப்பது யாது என்று அவரும் வினாவவில்லை, யாமும் கூறவில்லை.

மெய்கண்டார் திருவடி வாழ்க.